ஐம்பது மீட்டர் கணக்கு

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருக்காரர்கள் நான்கு பேர் கொத்தனார் ஒருவரிடம் நீள டேப் இரவல் வாங்கி வந்தார்கள். பிள்ளையார் கோயில் வாசலில் ஒருவர் நுனியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் புதிதாக முளைத்த மதுக்கடையை நோக்கி நடந்தார். தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டு மது விற்பனை விதிகளின்படி, மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் வழிபாட்டுத் தலத்துக்கோ கல்வி நிலையத்துக்கோ 50 மீட்டருக்குள் கடை வைக்கக் கூடாது. பிற இடங்களில் 100 மீட்டர். டேப் 47 காட்டியது. டிரான்ஸ்பார்மரைச் சுற்றிக்கொண்டு நடந்து அளந்தால் 53. எது செல்லும் என்று மதியம் வரை வாக்குவாதம்.

பார்க்கச் சில்லறைச் சண்டை. ஆனால் மதுக்கடை, டான்ஸ் பார், வயது வந்தோருக்கான கேளிக்கை விடுதி என்று எதையெல்லாம் ஊர் முழுதாகத் தடுக்கவும் முடியாமல், கண்டபடி விடவும் மனமில்லாமல் தவிக்கிறதோ, அங்கெல்லாம் சட்டம் கையில் எடுப்பது இந்த டேப்பைத்தான்.

அமெரிக்காவில் இந்த வித்தை நன்றாகவே தேர்ந்திருக்கிறது. அங்கே பேச்சுரிமைக்கு அரசியல் சட்டப் பாதுகாப்பு உண்டு என்பதால், ஆபாசப் படம் காட்டும் அரங்கை ‘படம் பிடிக்கவில்லை’ என்று மூடிவிட முடியாது. எனவே நகராட்சிகள் படத்தை விட்டுவிட்டு நிலத்தைப் பிடித்தன. டெட்ராய்ட் 1972இல் ஒரு விதி போட்டது: இப்படிப்பட்ட தொழில்கள் இரண்டு இருக்கும் இடத்திலிருந்து 1,000 அடிக்குள் மூன்றாவது வரக் கூடாது. கூட்டம் சேரவிடாமல் சிதறடிப்பது அதன் நோக்கம். 1976இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. பாஸ்டன் நேர் எதிர்வழி போனது. 1974இல் எல்லாவற்றையும் ஒரே பேட்டையில் ஒதுக்கியது. எது மேல் என்று கேட்டால், என் கட்சி டெட்ராய்ட். எல்லாவற்றையும் ஒரு பேட்டையில் கொட்டினால், அந்தப் பேட்டைவாசிகளை யார் கேட்டார்கள்?

அடுத்தது ரென்டன் என்ற சிறு நகரம். குடியிருப்பு, தேவாலயம், பூங்கா, பள்ளி எதிலிருந்தும் 1,000 அடி தள்ளி என்றது அதன் விதி. கழித்துப் பார்த்தால் மிச்சம் 520 ஏக்கர், நகரத்தில் ஏறத்தாழ 5 விழுக்காடு. அந்த நிலம் தொழிலுக்கு உதவாது என்று அரங்க உரிமையாளர்கள் வாதாடினார்கள். 1986இல் நீதிமன்றம் அசையவில்லை: இடம் இருக்கிறதா என்பதே கேள்வி, கட்டுப்படியாகுமா என்பது உங்கள் பாடு. விதியின் இலக்கு படத்தின் உள்ளடக்கமல்ல, சுற்றுப்புறத்தில் குற்றம் கூடுவது, வீட்டு மதிப்பு சரிவது போன்ற பக்கவிளைவுகள்தாம் என்பதே அந்தத் தீர்ப்புக்கு அடிப்படை.

இங்கேதான் வடிவியல் நுழைகிறது. ‘இத்தனை மீட்டருக்குள் கூடாது’ என்ற விலக்குத் தூரம் என்பது உண்மையில் ஒரு வட்டம். ஆரம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகும். 50 மீட்டர் ஆரம் ஏறத்தாழ 35 கிரவுண்டை (ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி) விழுங்கும். ஒரு கிலோமீட்டர் ஆரமோ 14,000 கிரவுண்டை. 426 சதுர கிலோமீட்டர் சென்னை மாநகராட்சியை, பரப்பளவுக் கணக்கில் அப்படிப்பட்ட 136 வட்டங்கள் தீர்த்துவிடும். இந்த ஊரில் கோயில்கள் எத்தனை என்று எண்ண வேண்டுமா? மகாராஷ்டிரம் 2016இல் டான்ஸ் பார்களுக்குப் போட்டது இதே ஒரு கிலோமீட்டர் நிபந்தனைதான். தூர விதி என்ற சட்டை போட்ட முழுத் தடை அது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை நியாயமற்றது என்று நீக்கியது.

எங்கள் தெருச் சண்டை ஏன் சில்லறை அல்ல என்பதும் இதில் தெரியும். தெருக்கள் கட்டம் கட்டமாக இருக்கும் ஊரில், நடைவழியாக அளந்தால் வட்டம் சாய்சதுரமாகச் சுருங்கும். விலக்குப் பரப்பில் 36 விழுக்காடு போய்விடும். எப்படி அளப்பது என்ற ஒரு வரி, எத்தனை மீட்டர் என்ற எண்ணுக்குச் சமமான ஆயுதம்.

உரிமம் வேறு வகைப் பூட்டு. எந்தத் தொழில் எங்கே இருக்கலாம் என்று வகுக்கும் மண்டல விதி நிலத்தைப் பார்க்கும், உரிமம் ஆளையும் நடத்தையையும் பார்க்கும்: நேரம், வெளிச்சம், வயது. புதுப்பிக்க வேண்டியிருப்பதால் அதிகாரியின் கையில் சாவி எப்போதும் இருக்கும். மனுவை முடிவு சொல்லாமல் மேசையிலேயே வைத்துக்கொண்டால் அதுவும் தடைதான் என்பதால், டல்லாஸ் நகர வழக்கில் 1990இல் அமெரிக்க நீதிமன்றம் குறித்த காலத்துக்குள் முடிவு வேண்டும் என்றது.

மாம்பலம் டேப்புக்கு வருவோம். 50 மீட்டர் விதிக்கு ஒரு விலக்கு உண்டு: திட்டக் குழுமம் ‘வணிகப் பகுதி’ அல்லது ‘தொழிற்பகுதி’ என்று வகுத்த இடத்தில் அது செல்லாது. எங்கள் நால்வரில் ஒருவர் அந்தக் கட்டடத்தின் சர்வே எண்ணைத் தேடிப்பிடித்து, சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் பார்த்தார். வணிகப் பகுதி. கொத்தனாரின் டேப்பை அன்று மாலையே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.