பத்துக்குப் பத்து அறையில் ஒரு பாட்டைப் பதிவு செய்ய என்ன வேண்டும்?

வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்ய விரும்புகிறவர் முதலில் கேட்கும் கேள்வி, எந்த மைக் வாங்கலாம் என்பதுதான். கடைக்காரரும் அந்தக் கேள்விக்கே பதில் சொல்லிப் பழகியிருக்கிறார். ஆனால் மைக்கை வந்தடையும் ஒலியில் பாதிக்கு மேல், பாடுகிறவருடைய வாயிலிருந்து நேராக வராமல், சுவரிலும் தரையிலும் கூரையிலும் மோதித் திரும்பி வந்ததாக இருக்கக்கூடும். ஆகவே கணக்கை அறையிலிருந்து தொடங்குவதுதான் சிக்கனம். இங்கே எடுத்துக்கொள்ளும் அறை நம் ஊர்களில் பரவலாகக் காணப்படுவது: பத்தடி நீளம், பத்தடி அகலம், ஏறத்தாழப் பத்தடி உயரம், பூசிய செங்கல் சுவர், டைல்ஸ் தரை, மேலே ஒரு மின்விசிறி. பதிவு செய்ய வேண்டியவை ஒரு குரலும் ஒரு வீணையும்.

அறை ஒலியை என்ன செய்கிறது என்பதை முதன்முதலில் எண்ணால் அளந்து காட்டியவர் வாலஸ் கிளெமென்ட் சபைன். 1895இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டப்பட்ட விரிவுரைக் கூடம் ஒன்றில், ஒருவர் பேசிய சொல்லின் ஒலி அடங்குவதற்குள் அடுத்த பல சொற்கள் வந்து கலந்து, எதுவுமே விளங்காமல் போனது. அதைச் சரிசெய்யும் பொறுப்பு இளம் இயற்பியல் ஆசிரியரான சபைனிடம் வந்தது. அவரிடம் இருந்த கருவிகள் ஓர் ஆர்கன் குழல், ஒரு நேரமானி, தம்முடைய காது, அவ்வளவே. பக்கத்து அரங்கிலிருந்த இருக்கை மெத்தைகளை இரவோடு இரவாகத் தூக்கி வந்து பரப்பி, ஒவ்வொரு முறையும் ஒலி கேட்காமல் போக எத்தனை வினாடி ஆகிறது என்று அளந்து, விடிவதற்குள் அவற்றைத் திருப்பி வைத்துவிடுவார். வெற்றுக் கூடத்தில் ஒலி அடங்க ஏறத்தாழ ஐந்தரை வினாடி பிடித்தது. மெத்தைகள் கூடக் கூட அந்த நேரம் குறைந்துகொண்டே வந்தது.

அதிலிருந்து பிறந்த விதி எளிது. அறையின் கொள்ளளவைக் கன மீட்டரில் எடுத்து, 0.16ஆல் பெருக்கி, அறையின் மொத்த உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், ஒலி பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய ஆகும் வினாடிகள் கிடைக்கும். உறிஞ்சும் பரப்புக்குச் சபைன் வைத்த அளவுகோல் திறந்த சன்னல். வெளியே போன ஒலி திரும்புவதில்லை என்பதால், ஒரு சதுர மீட்டர் திறந்த சன்னல் ஒரு முழு அலகு. நம் பத்தடி அறையின் கொள்ளளவு சுமார் 27 கன மீட்டர். ஆறு பக்கங்களின் பரப்பு 54 சதுர மீட்டர். பூசிய சுவரும் டைல்ஸும் தம்மீது விழும் ஒலியில் மூன்று சதவீதம் அளவுக்கே உறிஞ்சும் என்று கொண்டால், மொத்த உறிஞ்சல் 1.6 சதுர மீட்டர்தான். வெற்று அறையில் ஒலி அடங்க 2.7 வினாடி ஆகிவிடுகிறது. இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்து, கனத்த போர்வைகளைத் தொங்கவிட்டு, துணி நிறைந்த பீரோவின் கதவைத் திறந்து வைத்து, இன்னும் 6 சதுர மீட்டர் உறிஞ்சலைச் சேர்த்தால் அது 0.6 வினாடிக்குக் கீழே இறங்குகிறது. புதிதாக ஒரு ரூபாயும் செலவில்லை. சன்னலையே திறந்து வைத்துவிடலாமே என்று தோன்றலாம். தெருவில் வண்டிகள் ஹாரன் அடிக்காத ஊராக இருந்தால் அதைவிடச் சிறந்த உறிஞ்சி கிடையாது.

இதை வைத்து இன்னொரு கணக்கும் போடலாம். பாடுகிறவரிடமிருந்து மைக் விலக விலக, நேராக வரும் ஒலி தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது. தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் (ஒலியளவின் அலகு) போய்விடும். அறையில் சுழன்றுகொண்டிருக்கும் எதிரொலியோ எங்கே நின்று கேட்டாலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். ஆகவே, ஏதோ ஒரு தூரத்தில் இரண்டும் சமமாகிவிடும். அதைத் தாண்டினால் மைக் பதிவு செய்வது பாட்டைவிட அறையைத்தான். வெற்று அறையில் அந்தத் தூரம் 18 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாணைவிடவும் குறைவு. மெத்தையும் போர்வையும் வந்த பிறகு அது 39 சென்டிமீட்டராகிறது. முன்பக்க ஒலியை மட்டும் அதிகமாக வாங்கும் ‘கார்டியாய்ட்’ வகை மைக்கைப் பயன்படுத்தினால் இந்தத் தூரங்களை 1.7ஆல் பெருக்கிக்கொள்ளலாம். சில ஆயிரம் ரூபாய் மைக்குக்கும் லட்ச ரூபாய் மைக்குக்கும் உள்ள வேறுபாட்டைவிட, ஒரே மைக்கை ஒரு சாணில் வைப்பதற்கும் ஒரு முழத்தில் வைப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது என்று நான் துணிந்து சொல்வது இந்தக் கணக்கை நம்பித்தான்.

மெல்லிய ஃபோம் தகடுகளை வாங்கி ஒட்டுவதில் பணத்தை விட வேண்டாம். உறிஞ்சும் பொருளின் தடிமன் ஒலியின் அலைநீளத்தில் கால் பங்கை நெருங்கினால்தான் அது முழுத்திறனோடு வேலை செய்யும். 5 சென்டிமீட்டர் ஃபோமுக்கு அந்த நிலை 1,700 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 1,700 அதிர்வு, என்ற அளவில்தான் வருகிறது. அதனால் மேல் ஒலிகள் மட்டும் மடிந்து, கீழ் ஒலிகள் அப்படியே உருண்டுகொண்டிருக்க, அறை பெட்டிக்குள் பேசுவதுபோல ஆகிவிடும். முட்டைத் தட்டு அதைவிடவும் பயனற்றது. இவற்றில் எதுவும் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியைத் தடுக்காது. வெளி ஒலியைத் தடுப்பது சுவரின் எடை, உள்ளே ஒட்டிய பஞ்சு அன்று.

நம் அறைக்கு இன்னொரு குறையும் உண்டு. இரண்டு எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே அரை அலை சரியாகப் பொருந்தும் அதிர்வெண்ணில் அறை தானே ஒத்திசைந்து முழங்கும். பத்தடிக்கு, நம் வெயிலில், அது 57 ஹெர்ட்ஸ். அடுத்தது அதன் இரட்டிப்பான 114. நீளம், அகலம், உயரம் மூன்றும் வேறுபட்டிருந்தால் இந்த முழக்கங்கள் பிரிந்து போயிருக்கும். மூன்றும் பத்தடியாக இருப்பதால் ஒரே இடத்தில் குவிகின்றன. கனசதுர அறை ஒலிக்கு ஆகாது என்பது இதனால்தான். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் மந்திர ஸ்தாயியில் கைசிகி நிஷாதத்தைத் தொட்டால், அந்தச் சுரம் 116 ஹெர்ட்ஸ் அருகே விழுந்து, மற்ற சுரங்களைவிட உரத்து ஒலிக்கும். குரலில் ஏதோ கோளாறு என்று அவர் நினைத்துக்கொள்ளக்கூடும். அறையின் நட்ட நடுவிலும் மூலையிலும் உட்காராமல், ஏதேனும் ஒரு சுவரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் அமர்ந்து பாடிப் பார்த்து, இடத்தைச் சற்று நகர்த்தி நகர்த்திச் சமநிலையான இடத்தைக் கண்டுகொள்ளலாம்.

இனி மைக்குக்கு வருவோம். டைனமிக் மைக்கின் உள்ளே மெல்லிய சவ்வு ஒன்றில் கம்பிச்சுருள் ஒட்டப்பட்டிருக்கும். ஒலி சவ்வை ஆட்ட, காந்தத்தின் இடையே சுருள் அசைந்து மின்சாரம் பிறக்கிறது. மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலேதான் இது. 1966இல் வந்து இன்றும் கச்சேரி மேடைகளில் நிற்கும் ஷூர் எஸ்.எம்.58 இந்த வகை. கண்டென்சர் மைக்கில் சுருள் இல்லை. மின்னேற்றம் பெற்ற ஒரு தட்டுக்கு எதிரே, சில மைக்ரான் தடிமனுள்ள சவ்வு மயிரிழை இடைவெளியில் நின்று அதிர, இரண்டுக்கும் இடைப்பட்ட மின்தேக்குதிறன் (மின்னேற்றத்தைச் சேமிக்கும் திறன்) மாறி, அந்த மாற்றமே ஒலியின் வடிவமாகிறது. அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் இ.சி. வென்டி 1916இல் இதை உருவாக்கினார். அது விலை குறைந்து எளியவர் கைக்கு வந்ததற்குக் காரணம், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1962இல் ஜேம்ஸ் வெஸ்ட்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் செய்த எலக்ட்ரெட் மைக். மின்னேற்றத்தைப் பல்லாண்டுகள் விடாமல் பிடித்துவைக்கும் மென்படலத்தை அவர்கள் பயன்படுத்தியதால், சவ்வுக்குத் தனியே உயர் மின்னழுத்தம் கொடுக்கும் தேவை மறைந்துபோனது.

சுருளைச் சுமக்காத சவ்வு எடை குறைந்தது. ஆகவே நுண்ணிய ஒலிக்கும் அசையும். எண்ணில் சொன்னால், ஒரே அளவு ஒலிக்கு எஸ்.எம்.58 தருவது 1.85 மில்லிவோல்ட், ஆடியோ-டெக்னிகா ஏ.டி.2020 என்ற தொடக்கநிலைக் கண்டென்சர் தருவது ஏறத்தாழ 14 மில்லிவோல்ட். ஏழு மடங்குக்கும் மேலான இந்த வித்தியாசம் வீணையின் மெல்லிய கமகத்துக்கு வரமாக அமையும். தெருவோர அறைக்கோ சாபமாகிவிடும் என்று சிலர் அஞ்சுவதுண்டு. அந்த அச்சம் பாதி தவறு. ஒரே தூரத்தில், ஒரே திசையமைப்பில் வைத்தால், இரண்டு மைக்கும் பாட்டையும் தெரு இரைச்சலையும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில்தான் வாங்கும். டைனமிக் மைக்கை வாயருகே பிடித்துப் பாடும் பழக்கமே அதற்கு ‘இரைச்சலை வாங்காத மைக்’ என்ற பெயரை வாங்கிக் கொடுத்தது. என் தேர்வு: வீணை, கிதார், மென்குரல் என்றால் ஒரு கண்டென்சர்; உரத்த குரலும் மிருதங்கமும் என்றால் ஒரு டைனமிக். கடற்கரை ஊரில் இருப்பவர், கண்டென்சரைப் பயன்படுத்தாத நேரத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைப்பது நல்லது. ஈரம் படிந்த சவ்வு படபடவென்று வெடிப்பொலி எழுப்பும்.

மைக்கின் சொந்த இரைச்சலைப் பார்த்து விலை கொடுப்பதில் பொருள் உண்டா? ஏ.டி.2020இன் இரைச்சல் 20 டெசிபல் அளவு. மிக விலையுயர்ந்த மைக்குகளில் இது 5 முதல் 7 டெசிபல் வரை இறங்குகிறது. ஆனால் நகரத்து வீட்டில் நள்ளிரவிலும் 30 டெசிபலுக்குக் குறையாது; விசிறி ஓடினால் 50ஐயும் எட்டும். வெள்ளத்தில் நிற்பவருக்குத் தூறலைப் பற்றிக் கவலை எதற்கு? விசிறியை நிறுத்துவதுதான் இங்கே செய்யக்கூடிய மிகப் பெரிய மேம்பாடு. வியர்த்துக்கொண்டே பாட வேண்டியிருக்கும் என்பது உண்மைதான்.

மைக்கின் மில்லிவோல்ட்டைப் பெருக்கி, எண்களாக்கிக் கணினிக்கு அனுப்புவது ஆடியோ இன்டர்ஃபேஸ். கண்டென்சரின் உள்ளிருக்கும் சிறு பெருக்கிக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரத்தையும் இதுவே கேபிள் வழியாகக் கொடுக்கிறது. ஒரே குரல் மட்டும் போதும் என்பவர் இவையெல்லாம் உள்ளடங்கிய யூ.எஸ்.பி. மைக்கோடு நின்றுவிடலாம்; குரலையும் வீணையையும் தனித்தனி ட்ராக்கில் எடுக்க நினைப்பவருக்கு, இரண்டு மைக் இணைப்புகள் உள்ள இன்டர்ஃபேஸ் வேண்டும். சில மலிவான மாதிரிகளில் ஒரு மைக் துளையும் ஒரு கிதார் துளையும் மட்டுமே இருக்கும். வாங்குமுன் எண்ணிப் பாருங்கள்.

இன்டர்ஃபேஸின் பெட்டியின்மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் ‘24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்’ என்பதில் பாதி மட்டுமே நமக்குப் பயன்படும். அலையை வினாடிக்கு எத்தனை முறை அளக்கிறோமோ அதில் பாதி வரையுள்ள அதிர்வெண்களை ஒன்றும் இழக்காமல் மீட்டுவிடலாம் என்பது மாதிரியெடுப்புத் தேற்றம். மனிதக் காதின் எல்லை 20,000 ஹெர்ட்ஸ் என்பதால், வினாடிக்கு 44,100 முறை போதும். இந்த விசித்திர எண் வந்த வழி சுவையானது: தொடக்கக் காலத்தில் எண்முறை ஒலியை வீடியோ நாடாவில்தான் பதிந்தார்கள், ஒரு கோட்டுக்கு 3 அளவீடு, ஒரு புலத்துக்கு (வீடியோ படத்தின் ஒரு பாதிக்கு) 245 கோடு, வினாடிக்கு 60 புலம் எனப் பெருக்கினால் 44,100 கிடைக்கிறது. 50 புலமுள்ள ஐரோப்பிய முறையில் 294 கோடுகளை எடுத்தால் அதே எண். குறுவட்டு அதை அப்படியே சுவீகரித்துக்கொண்டது. 192 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால் கோப்பு நான்கு மடங்குக்கு மேல் வீங்கும். காதுக்குக் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது.

ஒவ்வொரு அளவீட்டையும் எழுத எத்தனை இரும இலக்கம் என்பதைச் சொல்லும் பிட் வேறு கதை. ஒவ்வொரு பிட்டும் 6 டெசிபல் வீச்சைத் தருகிறது. மைக்கருகே 95 டெசிபல் வரை எழும் குரலுக்கும் அறையின் 35 டெசிபல் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி 60 டெசிபல்; பத்து பிட்டிலேயே அடங்கிவிடும். மீதமுள்ளவை தளர்வாகப் பதிவு செய்யும் வசதியைத் தருகின்றன. எண்ணின் உச்சத்தைத் தாண்டும் அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும்; அதை மீட்க முடியாது. 24 பிட்டில் பதிகிறவர் கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) குறைத்து, உச்சம் மைனஸ் 12 டெசிபலில், அதாவது அந்த எல்லைக்கு 12 டெசிபல் கீழே, நிற்கும்படி வைத்துக்கொண்டால், உணர்ச்சி மேலிட்டுக் குரல் எகிறினாலும் ஒன்றும் கெடாது. மலிவான இன்டர்ஃபேஸும் இதற்குத் தாராளமாகப் போதும்.

ஹெட்போன் காதை முழுக்க மூடுவதாக இருக்க வேண்டும். திறந்த வகையில் கேட்கும் தம்பூரா மைக்கிலும் கசிந்து ஏறும். புளூடூத் ஹெட்போன் பதிவுக்கு ஆகாது. அதில் வரும் தாமதம் 200 மில்லிவினாடியைத் தொடக்கூடும். அது தாளம் போடுகிறவர் 68 மீட்டருக்கு அப்பால் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். கம்பி ஹெட்போனிலும் கணினி 256 அளவீடுகளைச் சேர்த்துவைத்து அனுப்பினால் போக 6, வர 6 மில்லிவினாடி ஆகிறது. இன்டர்ஃபேஸில் ‘டைரக்ட் மானிட்டர்’ என்ற பொத்தான் இருந்தால், குரல் கணினிக்குள் போகாமலேயே காதுக்கு வந்துவிடும்.

உறுதியான ஸ்டாண்டும் மூன்று முனை எக்ஸ்.எல்.ஆர். கேபிளும் கட்டாயம். அந்தக் கேபிளில் ஒரே ஒலி இரண்டு கம்பிகளில் எதிரெதிராகப் போவதால், வழியில் இரண்டிலும் சமமாகத் தொற்றும் மின் இரைச்சல் முடிவில் கழிந்துவிடுகிறது. பாப் ஃபில்டரை எம்பிராய்டரி வளையத்தில் நைலான் துணி மாட்டியே செய்துகொள்ளலாம். தமிழின் பகரத்தில் மூச்சு அவ்வளவு பீறிடாது என்றாலும், அது வல்லொலிகளின் காற்று மைக்கில் மோதாமல் காக்கும். மென்பொருளுக்குப் பணம் வேண்டாம். 2000ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி தொடங்குவதற்குப் போதும். ஸ்பீக்கரை இப்போதைக்கு வாங்காதீர்கள். 57 ஹெர்ட்ஸில் முழங்கும் அறையில் எந்த ஸ்பீக்கரும் பொய்தான் சொல்லும்.

சில மாதம் கழித்து, பதிவில் இரைச்சல் கேட்கிறது, மைக்கை மாற்றலாமா என்ற எண்ணம் வரும். கெயினைத் தொடாமல், மைக்கின்மேல் கனத்த கம்பளியை நான்கு மடிப்பாகச் சுற்றிவிட்டு அரை நிமிடம் பதிவு செய்து பாருங்கள். இரைச்சல் குறைந்தால் அது அறையிலிருந்து வருகிறது. புது மைக்கும் அதையே வாங்கும். குறையாமல் ஓர் ஆழ்ந்த ரீங்காரமாக நின்றால், மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு மறுபடியும் பாருங்கள். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் பெரும்பாலும் அவ்வழியாகத்தான் நுழைகின்றன. இரண்டுக்கும் அசையாமல் ‘உஸ்’ என்று நின்றால் மட்டுமே, மைக்கையோ இன்டர்ஃபேஸையோ மாற்றும் பேச்சை எடுக்கலாம்.