எட்டு கோர் என்றால் எட்டு மடங்கு வேகமா?

"போன் பெட்டியில் 2.3 கிகாஹெர்ட்ஸ், எட்டு கோர் என்று போட்டிருக்கிறது. பெருக்கினால் 18.4 வருகிறதே, அப்புறம் ஏன் சார் ஹேங் ஆகிறது?" இந்தக் கேள்வி ஓய்ந்தபாடில்லை. தயவுசெய்து அந்தப் பெருக்கலை விட்டுவிடுங்கள்.

கிகாஹெர்ட்ஸ் சொல்வது ஒரு கோர், அதாவது ப்ராசஸருக்குள் வேலை செய்யும் ஒரு பகுதி, நொடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பதை மட்டும்தான். ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பது பெட்டியில் இருக்காது. ஹீலியோ ஜி35 என்ற போன் சிப்பில் கார்டெக்ஸ் ஏ53 வகை கோர்கள் எட்டு, 2.3 கிகாஹெர்ட்ஸ். ஏ53 என்பது 2012-ல் அறிவித்த வடிவமைப்பு. துடிப்புக்கு அதிகபட்சம் இரண்டு கட்டளை, அதுவும் வரிசை மாறாமல்; முன்னால் நிற்பது மெமரிக்காகக் காத்திருந்தால் பின்னால் இருப்பதும் நிற்கும். ஸ்னாப்டிராகன் 695 என்ற சிப்பில் பெரிய கோர் இரண்டே, அவையும் 2.2 தான். ஆனால் அவை ஏ78 என்ற பிந்தைய வடிவமைப்பின் வழி வந்தவை, தயாராக இருக்கும் கட்டளையை முந்திக்கொண்டு முடிப்பவை. எண் சின்னது, வேகம் பல மடங்கு.

சரி, எட்டு கோரும் சேர்ந்து இழுக்காதா? இழுக்காது. விரலால் திரையைத் தள்ளும்போது ஆப் தன் திரையை அமைக்கும் வேலை பெரும்பாலும் ஒரே திரெட்டில், அதாவது ஒரு நேரத்தில் ஒரே கோரில்தான் நடக்கிறது. நொடிக்கு 60 படம் காட்டும் 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படத்துக்கு, அதாவது ஃபிரேமுக்கு, கிடைப்பது 16.7 மில்லிசெகண்ட், 90 ஹெர்ட்ஸில் 11.1. அதற்குள் முடியாவிட்டால் திரை திக்கும். மீதி ஏழு கோர் சும்மா இருந்தாலும் கைகொடுக்க முடியாது.

ஸ்டோரேஜை யாருமே கேட்பதில்லை, அதுதான் வருத்தம். இஎம்எம்சி 5.1 என்ற ஸ்டோரேஜ் வகையின் உச்சம் நொடிக்கு 400 எம்பி. படிப்பதும் எழுதுவதும் ஒரே நேரத்தில் நடக்காது. பின்னணியில் ஆப் அப்டேட் ஆகும்போது கீபோர்டு உறைவதற்கு இதுவும் ஒரு காரணம். யுஎஃப்எஸ் என்ற இன்னொரு வகையில் இரண்டும் ஒருசேர நடக்கும். வாங்கும்முன் எந்த வகை என்று கேளுங்கள்.

பெட்டியில் இருப்பது உச்ச வேகம். சூடேறினால் சிப் தானே குறைத்துக்கொள்ளும்; இதுதான் த்ராட்லிங். ஆகவே இரண்டு நிமிட பெஞ்ச்மார்க்கை (வேகம் அளக்கும் சோதனை) நம்பாதீர்கள். பதினைந்து நிமிடம் த்ராட்லிங் டெஸ்ட் ஓட்டி, வேக வரைபடம் எங்கே சரிகிறது என்று பாருங்கள். கேம் ஆடிக்கொண்டே சார்ஜ் போடாதீர்கள். ஸ்டோரேஜில் 15 சதவீதமாவது காலியாக விடுங்கள்.

பழைய போன் மந்தமானால் ப்ராசஸரைக் குறை சொல்லும்முன் பேட்டரியைப் பாருங்கள். தேய்ந்த பேட்டரியால் உச்ச மின்னோட்டம் தர முடியாது. போன் அணையாமலிருக்க சில மாடல்களில் மென்பொருளே வேகத்தைக் குறைக்கும். பழைய ஐபோன்களில் இப்படிச் செய்ததை 2017 டிசம்பரில் ஆப்பிளே ஒப்புக்கொண்டது. அவற்றில் பேட்டரியை மாற்றினாலே பழைய வேகம் திரும்பிவிடும். பின்மூடி உப்பித் தெரிந்தால் மட்டும் சார்ஜில் போடவே போடாதீர்கள், அழுத்தியும் பார்க்காதீர்கள்; அணைத்துவிட்டு அன்றைக்கே கொடுத்து மாற்றுங்கள்.