காலாவதியா, புழங்காததா? ஸ்டேல் அக்கவுண்ட் படும் பாடு

மட்டக்களப்பில் நான் வேலை பார்க்கும் இடத்தில் பயிற்சிக்கு வந்த தம்பி ஒருவர், தமிழில் பெயர்த்த கையேடு ஒன்றைப் பார்த்து வேலை செய்வோரின் கணினிக் கணக்குகளை வைத்திருக்கும் அக்டிவ் டிரெக்டரியைத் துப்புரவாக்கினார். 'காலாவதியான கணக்குகளைத் தானாக நீக்கும்படி அமைக்கவும்' என்றிருந்தது. அவரும் முடிவுத் தேதி தாண்டிய கணக்குகளைத் தேடிப்பிடித்து அழித்துவிட்டார். அதிலொன்று, முந்தின நாள் ஒப்பந்தம் முடிந்து, புதுப்பிக்கக் கடிதம் கையெழுத்துக்குப் போயிருந்த ஓர் அக்காவுடையது. கேட்டதற்கு, "காலாவதியெண்டுதானே அண்ணன் எழுதியிரிக்கு" என்றார். அவரில் என்ன பிழை?

ஆங்கில மூலத்தில் இருந்த சொல் 'ஸ்டேல்'. ஆங்கிலத்தில் இது முதலில் பியருக்குச் சொன்ன சொல்: அசையாமல் நின்று, தெளிந்து, முதிர்ந்தது. அப்போது அது பாராட்டு. காய்ந்த பாணுக்கு வந்தபோதுதான் சொல் கெட்டது. டிரெக்டரியில், நெடுநாள் எவரும் உள்நுழையாமல் நிற்கும் கணக்கு. அவ்வளவுதான்.

காலாவதி என்றால் காலத்துக்கு இட்ட எல்லை. வடசொல் என்பதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. மருந்துப் போத்தலில் தேதி அச்சடிப்பதுபோல் கணக்குக்கும் முடிவுத் தேதி குறிக்கலாம். அது தாண்டினால் காலாவதி. கட்டளை எழுதி இயக்கும் பவர்ஷெல்லிலும் இரண்டையும் தேட வெவ்வேறு கட்டளைக் குறிகள். நேற்றுவரை புழங்கிய கணக்கு இன்று காலாவதியாகலாம். ஒரு வருடமாக எவரும் தொடாத கணக்குக்கு முடிவுத் தேதியே இல்லாமலும் இருக்கலாம். திருடனுக்கு வாய்ப்பானது இந்த இரண்டாவதுதான்: கடவுச்சொல் இன்னும் வேலை செய்யும், கவனிக்க ஆளில்லை. அதனால் 'செயலிழந்த கணக்கு' என்பதும் சரிவராது.

'பழைய கணக்கு' என்பாரும் உண்டு. எருமைத் தயிர் விட்டுப் பழஞ்சோறு தின்கிற ஊரில் பழையது என்றால் கழிவா? அதே கையேட்டில் 'டிசேபிள்' (கணக்கை முடக்கு) என்பதற்கு 'ஊனமாக்கு' என்று இருந்தது. அகராதியைத் திறந்து முதல் சொல்லை எடுப்பவரை மொழிபெயர்ப்பாளர் என்று எப்படிச் சொல்ல?

என் தெரிவு 'புழங்காத கணக்கு'. புழங்காத கிணறு, புழங்காத பாதை என்று நம் வாயில் உள்ளதுதான். 'பாவனையற்ற' என்றாலும் நமக்கு விளங்கும். தமிழ்நாட்டார் பாவனையை நடிப்பு என்று வாசிப்பார்கள்.

புழங்காதது வீசவேண்டியது அல்ல. பெரும்போகம் முடிந்து பூட்டிக் கிடக்கும் வயல் குடிசையை, வாடியை, ஆளில்லை என்று பிரித்தால் வயலுக்குச் சொந்தக்காரரான போடியார் விடுவாரா? முதலில் முடக்கவேண்டும், சில கிழமை பொறுத்துத்தான் அழிக்கவேண்டும். ஆட்களல்லாமல் நிரல்கள் ஓடப் பயன்படும் சேவைக் கணக்குகளை முன்பே விலக்கிவைக்கவேண்டும். அக்காவுக்கு அதே பெயரில் கணக்குத் திறந்தோம். உள்ளே இருக்கும் பாதுகாப்பு அடையாள எண் புதிதாகிவிட்டதால் ஒரு கோப்புறையும் திறக்கவில்லை. விண்டோஸ் சேர்வர் 2008 ஆர்2-இலிருந்து, அழித்த கணக்கை அப்படியே மீட்க ரீசைக்கிள் பின் வசதி உண்டு, வழக்கமாக 180 நாள் வைத்திருக்கும். எங்களிடம் அதை முடுக்கியே இருக்கவில்லை.

கையேட்டில் 'காலாவதியான' என்பதைப் பேனையால் வெட்டி 'புழங்காத' என்று எழுதிக் கொடுத்தேன். தம்பி வாசித்துவிட்டு, "எத்தனை நாளாப் புழங்காத, அண்ணன்?" என்றார்.

90 என்றேன். 10 என்று வைத்தால் ஆகாது; உள்நுழைவைச் சரிபார்க்கும் சேர்வர்களான டொமைன் கன்ட்ரோலர்கள் எல்லாவற்றுக்கும் பரவும் கடைசி உள்நுழைவுப் பதிவே 9 முதல் 14 நாள் வரை பிந்தித்தான் புதுப்படும்.