மஸ்க்: சமர்கண்ட் வழியே பிரான்ஸ் போன கஸ்தூரி

மத்திய ஆசியாவின் பழைய வாசனைகளைப் பிரெஞ்சுக் கைத்திறனோடு கலக்கும் சிறு வாசனைத் திரவிய நிறுவனங்களின் குப்பிகளில் தவறாமல் கண்ணில் படும் சொல் ‘மஸ்க்’. நாமும் அதை அப்படியே மஸ்க் என்று எழுதிவிடுகிறோம். கஸ்தூரி என்று எழுத ஏன் தயங்க வேண்டும்?

பொருள் முதலில். இமயமலையிலும் திபெத்திலும் மத்திய ஆசிய மலைகளிலும் வாழும் கஸ்தூரி மானின் ஆணுக்கு, தொப்புளுக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே ஒரு சிறு பை உண்டு. அதில் ஊறுவது காய்ந்தால் கருத்த பழுப்பு நிறக் குருணை. பச்சையாக முகர்ந்தால் மூக்கில் குத்தும். சாராயத்தில் ஊறவைத்து நன்றாக நீர்க்கச் செய்தால் தோலின் வெதுவெதுப்பு போன்ற மணம் வரும். கூடவே இருக்கும் மற்ற வாசனைகளைச் சீக்கிரம் பறந்துவிடாமல் பிடித்தும் வைக்கும்.

சொல்லின் வேர் சமஸ்கிருத ‘முஷ்க’ என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அதற்கு ஆணின் விதைப்பை என்று பொருள். பையின் வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர். பாரசீகத்தில் அது ‘முஷ்க்’, அரபியில் ‘மிஸ்க்’, கிரேக்கத்தில் ‘மோஸ்கோஸ்’, லத்தீனில் ‘முஸ்குஸ்’, பிரெஞ்சில் ‘மியுஸ்க்’ ஆனது. ஜாதிக்காயைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘நுவா மியுஸ்காத்’ என்கிறார்களே, அதிலும் இதே கஸ்தூரிதான்.

இந்தச் சரக்கை மேற்கே கொண்டுபோனவர்களில் முக்கியமானவர்கள், இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ள சமர்கண்டைச் சுற்றி வாழ்ந்த சோக்தியர்கள். 1907-இல் சீனாவின் துன்ஹுவாங் அருகே ஒரு பாழடைந்த காவல் கோபுரத்தில் அவர்களுடைய கடிதங்கள் சில தொல்லியலாளர் ஆரல் ஸ்டைனுக்குக் கிடைத்தன. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டவை. நனை-வந்தக் என்ற வணிகர் சமர்கண்டுக்கு எழுதிய கடிதம் பட்டில் சுற்றியிருந்தது. 32 கஸ்தூரிப் பைகள் வந்து சேரும், ஐந்து பங்காகப் பிரியுங்கள், மூன்று பங்கு தக்சிச்-வந்தக்குக்கு, பெசக்குக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று என்று எழுதியிருக்கிறார். கடிதம் ஊர் போய்ச் சேரவே இல்லை. கஸ்தூரி என்று எழுதும்போதெல்லாம் எனக்கு அந்தப் பங்குக் கணக்குதான் நினைவுக்கு வருகிறது.

அப்புறம் வேதியியல் வந்தது. 1888-இல் வெடிபொருள் ஆராய்ச்சியில் இருந்த ஆல்பர்ட் பவுருக்கு எதிர்பாராமல் ஒரு செயற்கைக் கஸ்தூரி மணம் கிடைத்தது. 1906-இல் இயற்கைக் கஸ்தூரியின் மணப்பொருளான மஸ்கோனை வால்பாம் என்ற வேதியியலாளர் பிரித்தெடுத்தார். அதன் அமைப்பை 1926-இல் கண்டுபிடித்தவர், 1939-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற ருஜிச்கா. மானைக் கொன்று பை எடுப்பதே வழக்கமாக இருந்ததால் அந்த இனம் அருகிப்போய், இன்று சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஆகவே இப்போது குப்பியில் ‘மஸ்க்’ என்று போட்டிருந்தால் அநேகமாக அது ஆய்வுக்கூடத்தில் செய்ததுதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? கஸ்தூரி வடசொல், ஆனால் கஸ்தூரி மஞ்சள் வாங்குகிற எல்லோருக்கும் தெரிந்த சொல். நாவி என்றும் ஒரு பெயர் உண்டு. தொப்புளைக் குறிக்கும் ‘நாபி’யிலிருந்து வந்தது. வடக்கே விதைப்பை என்றார்கள், இங்கே தொப்புள் என்றோம். பை இருப்பதோ இரண்டுக்கும் நடுவே! எனக்கு மிகவும் பிடித்தது மான்மதம். ஆண் யானைக்கு மதநீர் ஒழுகுவது போல, ஆண் மான் பெண் மானை அழைக்கச் சுரப்பது இது. உருவத்தையோ இடத்தையோ விட்டுவிட்டு, எதற்காகச் சுரக்கிறது என்பதைச் சொல்லும் பெயர்.

ஒரு குழப்பத்தை மட்டும் தவிர்க்க வேண்டும். புனுகு வேறு, அது புனுகுப் பூனையிடமிருந்து கிடைப்பது. மஸ்க்கைப் புனுகு என்று மொழிபெயர்ப்பது பிழை.

மானிலிருந்து வந்த பொருளைச் சொல்லும்போது கஸ்தூரி அல்லது மான்மதம் என்று எழுதலாம். செயற்கையாகச் செய்ததைக் ‘கஸ்தூரி மணம்’ என்றால் போதும். துவைத்த துணி போல மணக்கும் ‘ஒயிட் மஸ்க்’கை வெள்ளைக் கஸ்தூரி என்று எழுதினால், வெள்ளை நிறத்தில் ஒரு கஸ்தூரி இருப்பதாகப் படிப்பவர் நினைத்துக்கொள்வார். ‘மென்கஸ்தூரி மணம்’ பொருந்தும். செடியிலிருந்து வருவதற்குப் பெயர் தேடவே வேண்டாம்: பிரெஞ்சுக்காரர்கள் ‘ஆம்ப்ரெத்’ என்று சொல்லிப் பயன்படுத்தும் விதை, நம் கஸ்தூரி வெண்டையின் விதைதான்.