வெட்ட வெட்டப் பெருகும் வெடேலியா

‘பராமரிப்பே வேண்டாம், தானாகப் படர்ந்துவிடும்’ என்றுதான் நர்சரிகளில் வெடேலியாவை விற்கிறார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து தரைமூடிச் செடியாக வந்த இந்த மஞ்சள் பூக்கொடி, உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது.

மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று எண்ணி இதை விட்டுவைப்பவர்களும் உண்டு. இலையைப் பார்த்தால் தெரிந்துவிடும். வெடேலியா இலையின் இரு ஓரத்திலும் மடல் பிதுங்கி, நுனியோடு சேர்த்து மூன்றாகத் தெரியும். கரிசலாங்கண்ணி இலை நீளவாக்கில், மடல் இல்லாமல் இருக்கும்.

இது பரவுவது பெரும்பாலும் தண்டால்தான். ஒரு கொடியைத் தூக்கிப் பாருங்கள்: ஈரமண்ணைத் தொட்ட ஒவ்வொரு கணுவிலும் வெள்ளை வேர்க்கொத்து இறங்கியிருக்கும். அதே கணுவில், இலைக்காம்பின் அடியில், பக்க மொட்டும் உண்டு. கொடியின் நுனியில் சுரக்கும் ஆக்சின் என்ற ஹார்மோன் தண்டு வழியே கீழிறங்கி, அந்த மொட்டுகளை அடக்கியே வைக்கிறது. அரிவாளால் நுனியை வெட்டினால் அடக்க ஆளில்லை. மொட்டுகள் விழித்துத் தளிர்க்கும். வெட்டுப்பட்டு விழுந்த துண்டுக்கும் கதை அதேதான். அதன் அடிப்பக்கம் தேங்கும் ஆக்சின் வேர்விடத் தூண்டும். ஒரே ஒரு கணு இருந்தாலும் புதுச்செடி. புல்வெட்டும் இயந்திரத்தை இதன்மேல் ஓட்டுவது, காசு கொடுத்துப் பதியன் போடுவதற்குச் சமம்.

ஆகவே வெட்டாமல் பிடுங்க வேண்டும். மழை பெய்த மறுநாளோ, நன்றாகத் தண்ணீர் விட்ட பிறகோ இறங்கினால் மண் இளகி வேரோடு வரும். ஓரத்திலிருந்து தொடங்கிப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி வாருங்கள். அறுந்த துண்டுகளைக் கையால் பொறுக்குவதுதான் அலுப்பான வேலை. அதை விட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

பிறகு அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, இடைவெளியில்லாமல் பரப்பி, மேலே தடிமனாகச் சருகு மூடாக்கு போடலாம். மீறி முளைக்கும் தளிரை இலை விரிக்கும் முன்பே கிள்ள வேண்டும். தளிர்விட வேரிலும் தண்டிலும் உள்ள சேமிப்பைச் செடி செலவழிக்கிறது. இலை விரிந்தால்தான் அதை ஈடுகட்டும். விடாமல் கிள்ளினால் சேமிப்பு தீர்ந்து சாகும். உப்பு கொட்டும் வைத்தியம் மட்டும் வேண்டாம். செடியோடு மண்ணும் கெடும்.

பிடுங்கியதை உரக்குழியில் பச்சையாகப் போடாதீர்கள். மொட்டைமாடிச் சிமெண்டுத் தரையில் பரப்பி, தண்டு மொறமொறவென்று ஒடியும்வரை காயவிடுங்கள். காலி மனையிலோ வாய்க்காலிலோ வீசினால், ஒவ்வொரு கணுவும் அங்கே வேர்பிடிக்கும்.