மணிக்குப் பால் ஆகாது, ஏன்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பால் என்றால் இரண்டு. மரத்தைச் சீவினால் மங்கு என்ற கிண்ணத்தில் வடிவது ஒன்று, மாட்டில் கறப்பது இன்னொன்று. இப்போது ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, லயத்து வீடுகள் போய்த் தாமான் என்ற குடியிருப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள ஒட்டுக்கடையில் மட்டும் ஒரு பழைய மங்கு மிஞ்சியிருக்கிறது. மிச்சமாகும் தே தாரேக்கை, அதாவது டின் பால் ஊற்றி ஆற்றிய தேநீரை, அதில்தான் மணி என்ற நாய்க்கு ஊற்றுவார்கள். மணி நக்கி முடித்துவிட்டு, காலி மங்கை மூக்கால் தள்ளிக்கொண்டே சாக்கடை ஓரம் வரை போகும். மறுநாள் விடிந்தால் என் வீட்டு வாசலில் தண்ணீராகக் கழிந்து வைத்திருக்கும்.

"பால் நல்லதுதானே தம்பி, பச்சப்புள்ளைக்கே குடுக்கிறோமே" என்பார் கடைக்கார அக்கா. விஷயமே அந்தப் பச்சப்புள்ளையில்தான் இருக்கிறது.

பாலில் இருக்கும் சர்க்கரைக்குப் பெயர் லாக்டோஸ். குளுக்கோஸ் ஒன்றும் கேலக்டோஸ் ஒன்றும் ஒட்டிக்கொண்ட ஜோடி அது. ஜோடியாக இருக்கும்வரை குடல் அதை உறிஞ்சாது. பிரித்துவிட லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். சிறுகுடலின் உட்சுவரில் இருக்கும் இந்த நொதி, குட்டி தாயிடம் குடிக்கும் நாட்களில் தாராளமாக இருக்கும். 3, 4 வாரத்தில் குட்டி மற்ற உணவை நக்கிப் பார்க்கத் தொடங்கும், 7, 8 வாரத்தில் பால்குடி மறக்கும். அப்புறம் லாக்டேஸும் குறைந்துகொண்டே போகும்.

நொதி போதவில்லை என்றால் லாக்டோஸ் உடையாமல் குடலிலேயே கிடக்கும். மாங்காயில் உப்பைப் போட்டால் தண்ணீர் விடுகிறதல்லவா, அதுபோல இந்தச் சர்க்கரையும் சுற்றியுள்ள தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். பெருங்குடலுக்கு வந்ததும் அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைத்து வாயுவைக் கிளப்பும். வயிறு கடமுடா என்று உருள்வது வாயுவால், தண்ணீராகப் போவது சர்க்கரை இழுத்த தண்ணீரால். மனிதர்களிலும் உலகப் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குக் குழந்தைப் பருவத்துக்குப் பிறகு இந்த நொதி குறைந்துவிடுகிறது. பால் குடித்தால் கழிவறைக்கு ஓடும் என் அண்ணனும் மணியும் ஒரே கட்சி.

ஆகவே நாய்க்குப் பால் விஷம் இல்லை. நாய்க்கு நாய் தாங்கும் அளவு மாறும். இரண்டு கரண்டி குடித்துவிட்டு ஒன்றும் ஆகாத நாய்களும் உண்டு. தயிரில் பாக்டீரியாக்களே லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்றுவிடுவதால், உப்பும் வெங்காயமும் போடாத மோர்சோறு பாலைவிடச் சுலபமாகச் செரிக்கும். சோறு நாய்க்குப் புதிதும் அல்ல. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸுக்கான மரபணு ஓநாயிடம் 2 பிரதிகளும் நாயிடம் 4 முதல் 30 பிரதிகள் வரையும் இருப்பதை 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மனிதன் போட்ட சோற்றுக்கு உடம்பையே மாற்றிக்கொண்ட பிராணி அது.

தே தாரேக் கதை வேறு. டின் பால் என்பது தண்ணீரை வற்றவைத்த பால். லாக்டோஸ் இரண்டு மடங்குக்கு மேல் செறிந்திருக்கும், அதன்மேல் கொட்டிய சீனி வேறு. (பல கடைகளில் இருப்பது பால்கூட இல்லை, பாமாயில் சேர்த்த கிரீமர். நம் ஊர்ச் செம்பனை சுற்றிச் சுற்றி மணியின் மங்குக்கே வந்துவிடுகிறது.) தேயிலையின் காஃபினும் நாய்க்கு ஆகாது. மைலோவை மட்டும் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள். அதிலுள்ள கொக்கோவில் தியோபுரோமின் இருக்கிறது. நம் உடம்பு சீக்கிரம் கழித்துவிடும் அந்தப் பொருள் நாயின் உடம்பில் வெகுநேரம் தங்கி இதயத்தைப் படபடக்க வைக்கும்.

பால் கொடுத்தே ஆக வேண்டும் என்று நமக்குத் தோன்றுவது தாயில்லாத குட்டியைப் பார்க்கும்போதுதான். பசும்பால் அதிகம் கைவிடுவதும் அங்கேதான். போன வருடம் செம்பனைக் குலை ஏற்றிய லோரியில் ஒரு தாய்நாய் அடிபட்டது. கண் திறக்காத நான்கு குட்டிகளை மீ (நூடுல்ஸ்) பெட்டியில் போட்டு அத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கண் திறக்கவில்லை என்றால் வயது இரண்டு வாரத்துக்குள். அத்தை பசும்பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்க வைத்து ஊட்டினார். இரண்டே நாளில் கழிச்சல், ஓயாத முனகல்.

இந்த வயதில் லாக்டேஸ் இருக்கிறதே, பிறகு ஏன்? நாய்ப்பாலில் 100 கிராமுக்குக் கொழுப்பு 9 கிராம் அளவில், புரதம் 7 கிராமுக்கு மேல். பசும்பாலில் இரண்டும் அதில் பாதிகூட இல்லை. லாக்டோஸ் மட்டும் பசும்பாலில்தான் கூடுதல். வயிறு ரொம்பினாலும் குட்டிக்குப் பசி அடங்காது. அழுகிறதே என்று மேலும் ஊட்டுவோம், லாக்டோஸ் எல்லை மீறும். தண்ணீர் கலந்தால் இருக்கும் சத்தும் போச்சு.

மருத்துவரிடம் கொண்டுபோனபோது அவர் முதலில் தொட்டுப் பார்த்தது உடம்புச் சூட்டைத்தான். குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் செரிக்காது, சூடு வந்த பிறகே ஊட்ட வேண்டும் என்றார். மல்லாத்தி ஊட்டினால் பால் நுரையீரலுக்குப் போகும், தாயிடம் குடிப்பது போலக் குப்புறவே வையுங்கள் என்றார். நாய்க்குட்டிகளுக்கென்று விற்கும் பால்மாவு கொடுத்தார். ஊட்டிய பின் ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் துடைக்கவும் காட்டிக்கொடுத்தார். தாய் நக்கிவிடாமல் அந்த வயதுக் குட்டி சிறுநீர்கூடக் கழிக்காது.

இன்னொன்றையும் சொன்னார். வளர்ந்துவரும் குட்டி ரத்தம் கலந்து கழிந்து, வாந்தியும் எடுத்துச் சுருண்டால் பாலைக் குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது; பார்வோ வைரஸாக இருக்கலாம், அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

ஒரு குட்டி அன்றிரவே போய்விட்டது. மற்ற மூன்றையும் அத்தை அலாரம் வைத்து மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து ஊட்டினார். ஏழாவது வாரம் பால்மாவுக் கிண்ணத்தை வைத்தபோது, கறுப்புக் குட்டி அதை ஏறி மிதித்துக்கொண்டு பக்கத்தில் இருந்த மீன்சோற்றுக்குப் போனது.