தூண்டில் நூலைக் கையில் சுற்றாதீர்கள்

போன சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, என் படகின் முதலுதவிப் பெட்டியில் இருந்த கட்டுத்துணி முழுவதும் ஒரே கைக்குத் தீர்ந்துபோனது. கைக்குச் சொந்தக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். நிதானமான மனிதர். அவருடைய தூண்டிலில் கிங்ஃபிஷ் சிக்கியது. சிக்கியதும் அது படகுத்துறைத் தூணை நோக்கிப் பாய்ந்தது. ரீலிலிருந்து நூல் ஓடிக்கொண்டே இருந்தது. விட மனமில்லாமல் இடது கையில் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்துப் பிடித்துவிட்டார். நான் கத்தி முடிப்பதற்குள் எல்லாம் நடந்து முடிந்தது. மீன் போய்விட்டது. மோதிரவிரலின் பிளவுக்குள் வெள்ளையாகத் தசைநாண் தெரிந்தது.

மருத்துவமனைக்குப் போகும் வழியில், ஏன் சுற்றினீர்கள் என்று கேட்டேன். "நாலு தடவை வந்துவிட்டேன் அண்ணா. இன்றைக்கும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக முடியாது என்று தோன்றிவிட்டது" என்றார்.

இந்தப் பருவத்தில் நான் பார்த்த மூன்றாவது கை இது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

துறைமுக நீரில் ஆட்களை அழைத்துச் சென்று கிங்ஃபிஷ் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது என் தொழில். பெயரிலேயே ஒரு குழப்பம் இருப்பதால் அதை முதலில் தீர்த்துவிடுகிறேன். கிங்ஃபிஷ் என்றதும் நம்மவர்கள் வஞ்சிரத்தை நினைக்கிறார்கள். சிலர் சீலா, நெய்மீன் என்பார்கள், இலங்கைக்காரர்கள் அறுக்குளா என்பார்கள். அது வேறு மீன். வஞ்சிரம் சூரையின் உறவு. நான் சொல்வது மஞ்சள்வால் கிங்ஃபிஷ், பாரைக் குடும்பத்து மீன். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, சிலி நாட்டுக் கடல்களில் வாழ்வது. இந்த வேறுபாடு வெறும் பெயர் விவகாரம் என்று எண்ண வேண்டாம். வஞ்சிரத்தின் பல் கத்தி போன்றது, அதனால் முள்ளுக்கு மேலே இரும்புக் கம்பி கட்டுவார்கள். கிங்ஃபிஷ்ஷின் வாயில் இருப்பது அரம் போன்ற பொடிப் பற்கள். அது பல்லால் நூலை வெட்டுவதில்லை. தூணிலும் பாறையிலும் சிப்பி ஒட்டிய சங்கிலியிலும் உரசி அறுக்கிறது. தெளிந்த நீரில் கம்பியைப் பார்த்தால் இரையைத் தொடாமலே திரும்பிவிடும். பழக்கத்தில் கம்பி கட்டிக்கொண்டு நாள் முழுக்கக் காத்திருந்தவர்களை நான் அறிவேன்.

இப்போது, என்னை மிகவும் சோர்வடையச் செய்யும் கேள்விக்கு வருகிறேன். "எந்த இடம்?"

படகில் ஏறும் முன்பே கேட்கிறார்கள். தொலைபேசியில் கேட்கிறார்கள். நான் பிடித்த மீனின் படத்தைப் பெரிதாக்கி, பின்னணியில் தெரியும் மிதவையின் எண்ணைப் படிக்க முயல்கிறார்கள். ஒரு ரகசிய இடம் இருக்கிறது, அது எனக்குத் தெரியும், சொல்ல மறுக்கிறேன் என்பது அவர்களின் முடிவு. நான் எதையும் மறைக்கவில்லை. துறைமுகத்தில் கிங்ஃபிஷ் எங்கே இருக்கும் என்பது யாருக்கும் தெரிந்ததுதான்: வழிகாட்டு மிதவைகள், படகுகளைக் கட்டும் மிதவைகள், படகுத்துறைத் தூண்கள், பாலத்தூண்கள், ஆழம் சட்டென்று இறங்கும் விளிம்புகள், நீருக்குள் இருக்கும் பாறைத் திட்டுகள். அவ்வளவுதான். ஒரு வரைபடத்தை எடுத்து நீங்களே அரை மணி நேரத்தில் குறித்துவிடலாம்.

குறித்துவிட்டால் மீன் கிடைத்துவிடுமா? ஒரே மிதவையில் நேற்றுக் காலை ஆறு மீன்களைப் பார்த்திருப்பேன். இன்று அதே நேரத்தில் போனால் ஒன்றும் இருக்காது. ஏனென்றால் இன்று ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போயிருக்கும். நேற்று ஆறு மணிக்கு நீர் ஓடிக்கொண்டிருந்தது. இன்று அதே ஆறு மணிக்கு அசையாமல் நிற்கிறது. நீர் ஓடும்போது சிறுமீன்கள் மிதவையின் சங்கிலியை ஒட்டி ஒதுங்குகின்றன, ஓட்டம் வந்து மோதும் பக்கத்தில் கிங்ஃபிஷ் முகத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஓட்டம் நின்றதும் அந்த ஒழுங்கு கலைந்துவிடுகிறது. மிதவையின் எண்ணைத் தெரிந்துகொண்டவர் மறுபக்கத்தில், அதாவது ஓட்டத்தின் நிழலில், இரண்டு மணி நேரம் இரை போட்டுவிட்டு நான் ஏமாற்றியதாகச் சொல்கிறார். இடம் என்று நீங்கள் கேட்பது உண்மையில் ஒரு நேரம். அந்த நேரத்தை ஓதமும் காற்றும் நீரின் வெப்பமும் சிறுமீன்களின் நடமாட்டமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இதை யாரும் உங்கள் கைப்பேசிக்கு அனுப்பிவைக்க முடியாது. நீரில் இருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நியூசிலாந்தில் ஆழம் குறைந்த மணல் திட்டுகளில் கிங்ஃபிஷ் திருக்கைகளோடு சேர்ந்து திரிவது வழக்கம். திருக்கை மணலைக் கிளறக் கிளற, வெளியே பாயும் சிறுமீன்களை அதன் முதுகின் மேலேயே நீந்திக்கொண்டிருக்கும் கிங்ஃபிஷ் பிடித்துத் தின்னும். அங்கே நீங்கள் தேட வேண்டிய 'இடம்' நகர்ந்துகொண்டே இருக்கும் ஒரு திருக்கை. இதற்கு எந்த எண்ணைக் குறித்துவைப்பீர்கள்?

நான் கற்றுக்கொண்ட கதையையும் சொல்கிறேன். முதல் கோடைக்காலம் முழுவதும் ஒரு கிங்ஃபிஷ்கூட என் படகுக்குள் வரவில்லை. இரண்டாவது கோடையில் நான்கு முறை சிக்கியது. நான்கு முறையும் நூலை அறுத்துக்கொண்டு போனது. அந்தக் கோடையில்தான் ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டில் எழுதத் தொடங்கினேன். தேதி, நேரம், ஓதம் ஏறுகிறதா இறங்குகிறதா, நீரின் வெப்பம், காற்று, என்ன இரை, பறவைகள் இருந்தனவா. மீன் கிடைக்காத நாட்களைத்தான் அதிகம் எழுதினேன், அவைதான் அதிகம். எழுதியதைத் திரும்பப் படித்தபோது, 18 டிகிரிக்குக் கீழே இருந்த நாட்களில் நான் வீணாகக் குளிரில் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. உறைந்த கணவாயைப் போட்ட நாட்களுக்கும் உயிருள்ள கணவாயைப் போட்ட நாட்களுக்கும் இருந்த வேறுபாடும் தெரிந்தது. மூன்றாவது கோடையில் முதல் மீன் வந்தது.

எனவே நாலு முறை வெறுங்கையோடு போனேன் என்று யாராவது சொல்லும்போது எனக்கு வருத்தமும் கோபமும் சேர்ந்தே வருகின்றன. அந்த நாலு நாளும் நீங்கள் படித்த நாட்கள், தம்பி. அவற்றைத் தோல்வி என்று எண்ணியதால்தான் கையில் நூலைச் சுற்றத் தோன்றியது.

அந்த நூலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இப்போது எல்லாரும் பயன்படுத்துவது பின்னல் நூல். தையல் நூலைவிடச் சற்றே தடிமன், ஆனால் 20 கிலோ எடையைத் தாங்கும். பழைய தங்கூசி, அதாவது ஒற்றை இழை நைலான் நூல், இழுத்தால் நீளும், இது நீளாது. பத்துக் கிலோ மீன் வேகமாக ஓடும்போது அந்த நூல் உங்கள் கையில் இருந்தால் அது வெட்டுக்கத்தி. கையுறை போட்டிருந்தாலும் சுற்றக் கூடாது. கடைசியில் மீனைப் படகருகே இழுக்கும்போது பிடிக்க வேண்டியது நுனியில் கட்டியிருக்கும் தடித்த தங்கூசியை. அதையும் கையுறையோடு, சட்டென்று விட்டுவிடக்கூடிய விதத்தில் பிடியுங்கள். தூணில் நூல் சிக்கி அறுத்தே தீர வேண்டும் என்றால் ஒரு மரக்கட்டையில் சுற்றி இழுங்கள். கையில் வேண்டாம். குழந்தைகள் இருக்கும் படகில் இதைப் புறப்படும் முன்பே ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

தூணை நோக்கி ஓடும் மீனை என்னதான் செய்வது? பலத்தைக் காட்டினால் அதுவும் பலத்தைக் காட்டும். பல நேரங்களில் கிங்ஃபிஷ் தூண்டிலில் மாட்டியதை முதல் சில நொடிகள் உணர்வதே இல்லை. அப்போது கோலை வேகமாக மேலும் கீழும் ஆட்டாமல், படகைத் தூணிலிருந்து மெதுவாக விலக்கிக்கொண்டே போனால், மீனும் கயிற்றில் கட்டிய கன்றுபோலக் கூடவே வரும். ஐம்பது மீட்டர் விலகிய பிறகு சண்டை தொடங்கட்டும். திறந்த நீரில் அது எவ்வளவு ஓடினாலும் உங்களுக்கு இழப்பில்லை. இதைச் சொன்னால் ஒரு நிமிடத்தில் புரியும். கை இதைச் செய்யப் பழக எனக்கு இருபது மீன்கள் அறுந்துபோக வேண்டியிருந்தது.

இரையைப் பற்றிச் சுருக்கமாக. உயிருள்ள கணவாய்க்கு ஈடில்லை. கடற்புல்லும் பாறையும் கலந்த இடத்தில் விடியலிலும் அந்தியிலும் அதை நீங்களே பிடியுங்கள். பிடித்ததும் தொட்டிக்குள் போடும் முன்பு அது மையைக் கக்கி முடிக்கும்வரை நீரிலேயே வைத்திருங்கள். தொட்டிக்குள் கக்கினால் மற்ற கணவாய்களும் செத்துவிடும். கணவாய் பிடிக்கத் தெரியாமல் கிங்ஃபிஷ் பிடிக்க வருகிறவர்களை நான் இப்போதெல்லாம் முதல் நாள் கணவாய்க்குத்தான் அழைத்துப் போகிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

அடுத்து, அளவு. இதில் எனக்குப் பொறுமை கிடையாது. துறைமுகத்துக்குள் வரும் கிங்ஃபிஷ்களில் பெரும்பாலானவை குஞ்சுகள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 65 சென்டிமீட்டருக்குக் குறைந்ததை வைத்துக்கொள்ளக் கூடாது, ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து. நியூசிலாந்தில் 75 சென்டிமீட்டர், மூன்று. ஓர் ஆய்வின்படி நியூ சவுத் வேல்ஸ் பெண்மீன்களில் பாதி இனப்பெருக்கத்துக்குத் தயாராவதே ஏறக்குறைய 83 சென்டிமீட்டரில்தான். ஆக, சட்டம் அனுமதிக்கும் மீனும் ஒருமுறைகூட முட்டையிடாத மீனாக இருக்கலாம். அந்த மாநிலத்தில் 1990களின் நடுப்பகுதி வரை மிதக்கும் பொறிகளை வைத்துக் கூட்டம் கூட்டமாகப் பிடித்தே இந்த மீனைக் குறைத்தார்கள். பொறிகளைத் தடைசெய்த பிறகுதான் மீண்டது. இன்று தூண்டில்காரர்கள் நாம் அதே வேலையை ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டாம்.

விடப்போகும் மீனை விடுகிற விதமும் இருக்கிறது. செவுளுக்குள் விரலை விட்டுத் தொங்கவிட்டுப் படம் எடுத்து, பிறகு நீரில் எறிந்து 'விட்டுவிட்டேன்' என்று பதிவிடுகிறார்கள். அது செத்த மீன். மூழ்குவதை நீங்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான். கையை நனைத்துக்கொள்ளுங்கள். வயிற்றுக்கு அடியில் ஒரு கை, வாலில் ஒரு கை என்று கிடைமட்டமாகத் தாங்குங்கள். உங்களால் மூச்சைப் பிடித்திருக்க முடிகிற நேரத்துக்குள் படம் எடுத்து முடியுங்கள். இரை போட்டுப் பிடிப்பவர்கள் முனை உள்நோக்கி வளைந்த வட்டமுள்ளைப் பயன்படுத்துங்கள். அது பெரும்பாலும் வாயின் ஓரத்தில்தான் மாட்டும், குடலுக்குள் போவது குறைவு.

செயற்கை இரைகளில் தொங்கும் மும்முள்களைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் போடுங்கள் என்று எத்தனை முறை சொல்வது? படகுக்குள் துள்ளும் மீனின் வாயில் ஒரு முள், உங்கள் உள்ளங்கையில் இன்னொரு முள் என்று மாட்டிக்கொண்டால் மீன் துள்ளத் துள்ள அது ஆழமாகப் போகும். கண்ணுக்கு அருகே முள் ஏறினால் தொடவே தொடாதீர்கள், அசையாமல் மூடி மருத்துவமனைக்குப் போங்கள். வேறு எங்கு ஏறினாலும் டெட்டனஸ் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

உயிர்காப்பு அங்கியை உட்காரும் பலகையாக வைத்திருப்பவர்களை நான் படகில் ஏற்றுவதில்லை. கப்பல் பாதையில் நங்கூரம் போடாதீர்கள், வழிகாட்டு மிதவையில் படகைக் கட்டாதீர்கள். பல துறைமுகங்களில் அது குற்றம், எல்லாத் துறைமுகங்களிலும் ஆபத்து. பயணிகள் படகு கடந்துபோன பின் வரும் அலைக்கு மீன் சண்டையைவிட முதலிடம் கொடுங்கள். அறுந்த நூலை நீரில் போடாமல் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோங்கள். கால் முழுக்க நூல் சுற்றி இறுகிய ஒரு நீர்க்காகத்தை, நூலை வெட்டி விடுவித்த அந்த நாள் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

உண்பதற்கு மீனை வைத்துக்கொண்டால் உடனே கொன்று, இரத்தம் வடித்து, பனிக்கட்டிக்குள் புதையுங்கள். வெயிலில் இரண்டு மணி நேரம் கிடந்தால் கிங்ஃபிஷ் போன்ற மீன்களில் ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருள் உருவாகிவிடலாம். அது எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலைவலியும் அரிப்பும் படபடப்பும் வரும். 'எனக்குக் கிங்ஃபிஷ் ஒத்துக்கொள்ளாது' என்று பலர் சொல்வது சில நேரங்களில் இதுவாகவும் இருக்கலாம். உங்கள் துறைமுகத்து மீனை உண்ணலாமா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். சிட்னி துறைமுகத்தில் டையாக்சின் கலந்த சேறு இருப்பதால் 2006இல் வணிக மீன்பிடிப்பையே நிறுத்தினார்கள். துறைமுகப் பாலத்துக்கு மேற்கே பிடிக்கும் மீனை உண்ண வேண்டாம் என்பது அங்குள்ள அறிவுரை.

அந்தச் சனிக்கிழமைக்காரர் நேற்றுத் தொலைபேசினார். தையல் பிரிக்க இன்னும் நாள் இருக்கிறது. விரலை மடக்கிப் பழக்க மருத்துவர் பயிற்சி சொல்லியிருக்கிறாராம். அடுத்த மாதம் படகில் இடம் கேட்டார். விரல் சரியானதும் ஒரு அந்தி நேரத்தில் கணவாய் பிடிக்க வாருங்கள், வரும்போது ஒரு நோட்டும் கொண்டுவாருங்கள் என்றேன். எத்தனை பக்க நோட்டு வேண்டும் என்று கேட்டார். இருநூறு பக்கம் என்று சொல்லியிருக்கிறேன்.